மூத்தவவின்ர பேர் போமில இல்லை: ஒரு குடும்ப பைலின்ர கதை

முதலே சொல்லிப்போடுறன், நான் லோயரும் இல்லை கொன்சல்டன்ற்றும் இல்லை. ரொறன்ரோ ஸ்காபுரோவில கன வருசமா சனத்துக்குப் பக்கத்தில இருந்து போம் நிரப்பக் குடுக்கிற ஆள், அவ்வளவுதான். காசு வாங்கிறேல்லை, வாங்கவும் ஏலாது. கனடாவில குடிவரவுக் கேஸுக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்லுறதெண்டால் லோ சொசையிற்றி லைசென்ஸ் இருக்கோணும், இல்லாட்டி கொன்சல்டன்ற் கொலிஜ்ஜில பதிஞ்சிருக்கோணும், கியூபெக் எண்டால் நொத்தாரிசும் செய்யலாம். சட்டத்தின்ர 91ஆம் பிரிவு அது. இந்தக் கதையை அந்தக் குடும்பத்திட்டக் கேட்டுத்தான் எழுதுறன், பேர் ஒண்டும் போடேல்லை, சின்னச்சின்ன அடையாளங்களை மாத்தியிருக்கிறன்.

அவரை அண்ணை எண்டே சொல்லுறன். 2018 ஐப்பசியில பியர்சன் எயார்போட்டில இறங்கி அகதிக் கோரிக்கை வைச்சவர். மனுசியும் பிள்ளையளும் தமிழ்நாட்டில அகதி முகாமில. மனுசியை அக்கா எண்டு சொல்லுறன். 2019 கடைசியில விசாரணை முடிஞ்சு கேஸ் வெண்டிட்டார், 2020 மாசியில பிஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிடத்துக்குப் போட்டார், தன்னோட சேத்து மனுசியையும் ரெண்டு பிள்ளையளையும். அப்ப பெரியாக்களுக்கு ஆளுக்கு 550 டொலர், பிள்ளைக்கு 150, எல்லாமா 1400. பிஆர் உரிமைக் கட்டணம் எண்டு வேறயா ஒண்டு இருக்கு, அது பாதுகாப்புப் பெற்ற ஆக்களுக்கும் அவையின்ர குடும்பத்துக்கும் இல்லை, இதைத் தெரியாமல் கட்டிப்போட்டு பேந்து திருப்பிக் கேட்டு அலைஞ்ச ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

பிறகு கொரோனா வந்திட்டுது, பைல் அப்பிடியே கிடந்துது.

என்னட்ட அவர் வந்தது 2021 சித்திரையில. உறவுக்கு இன்னும் ஆதாரம் அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் வந்திருக்கு, இருக்கிறதை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையுக்குள்ள போட்டுக்கொண்டு வந்தார். படங்கள், காசு அனுப்பின துண்டுகள், முகாம் குடும்ப அட்டையின்ர கொப்பி. அட்டையை எடுத்து நிமித்திப் பாத்தால் அஞ்சு பேர். நான் திரும்ப எண்ணினன். போமில நாலு பேர்தானே?

"அண்ணை, இந்தப் பிள்ளை ஆர்?" எண்டு கேட்டன்.

"அது எங்கட மூத்தவ" எண்டார், ஏதோ நான் கேக்கக்கூடாததைக் கேட்ட மாதிரி. "அப்ப ஏன் போமில இல்லை?" எண்டால் கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகுதான் மெல்ல மெல்ல வந்துது. மூத்தவ அக்காவின்ர முதல் கலியாணத்துப் பிள்ளை. எயார்போட்டில மொழிபெயர்ப்பாளர் உங்களுக்கு எத்தின பிள்ளையள் எண்டு கேக்க இவர் ரெண்டு எண்டிருக்கிறார், ஏனெண்டால் கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான் கதையைச் சிக்கலாக்காதை, உன்ர பிள்ளையை மட்டும் சொல்லு எண்டு. எயார்போட்டில ரெண்டு எண்டதால அகதிக் கோரிக்கைப் போமிலயும் ரெண்டு, அதில ரெண்டு எண்டதால பிஆர் போமிலயும் ரெண்டு. பத்து வயசில இருந்து வளத்த பிள்ளை, வீட்டில ஆரும் கேட்டால் எனக்கு மூண்டு பிள்ளையள் எண்டுதான் சொல்லுற மனுசன், உத்தியோகத்தருக்கு முன்னால மட்டும் ரத்தம் பாத்து எண்ணியிருக்கிறார். பிழை எண்டு தெரியாமல் நேர்மையாச் சொல்லுறன் எண்டு நினைச்சு விட்ட பிழை இது. இப்பிடியான பிழையளைத்தான் நான் கூடக் காணுறன், களவாச் செய்யிறதைக் காணுறது குறைவு.

சட்டத்தில குடும்ப அங்கத்தவர் எண்டால் ஆர் எண்டு தெளிவாக் கிடக்கு: துணை, உங்கட தங்கியிருக்கிற பிள்ளை அல்லது உங்கட துணையின்ர தங்கியிருக்கிற பிள்ளை, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை இருந்தால் அதுவும். துணையின்ர பிள்ளை எண்டு அங்க எழுதியே இருக்கு. ஆக மூத்தவ முழு உரிமையோட போமில இருந்திருக்க வேண்டிய ஆள். தாய் தேப்பன், கூடப்பிறந்ததுகள் இதுக்குள்ள வராயினம், எங்கட சனத்துக்கு இது விளங்கிறது சரியான கஷ்டம், தம்பியையும் போடலாமோ எண்டு கேக்காத ஆள் இல்லை.

விட்டால் என்ன நடக்கும்? அங்கதான் எனக்கு நெஞ்சு திக்கெண்டது. குடிவரவு விதி 117(9)(d) எண்டு ஒண்டு இருக்கு, பிஆர் எடுக்கேக்க காட்டாமல், பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்ட குடும்ப ஆளைப் பிறகு நீங்கள் ஸ்பொன்சர் பண்ண ஏலாது, எப்பவுமே ஏலாது. 2019 செப்டம்பர் 9இல இருந்து அகதிகளா வந்த ஆக்களுக்கு இதில ஒரு விலக்குக் குடுக்கினம், அதைப் பிறகு நீட்டியும் இருக்கினம், ஆனால் அது தற்காலிகக் கொள்கை, அதை நம்பிப் பிள்ளையை விடலாமோ? அண்ணைக்கு இன்னும் பிஆர் வரேல்லை. அதுதான் நல்லகாலம். பிஆர் கையில வர முதல் எப்பவும் குடும்பத்தில ஆளைச் சேக்கலாம், வந்தாப் பிறகுதான் கதவு பூட்டுப்படும். கொரோனாவில பைல் கிடந்ததுக்கு அண்டைக்கு நான் நன்றி சொன்னன், அதுவரைக்கும் திட்டிக்கொண்டுதான் இருந்தனான்.

அண்ணைக்குப் பயம். இப்ப போய்ச் சொன்னால் பொய் சொன்னவன் எண்டு முழுக்கேஸையும் தூக்கிப்போடுவினம் எண்டார். பயம் வெறும் பயமும் இல்லை, முக்கியமான விபரத்தை மறைச்சால் சட்டத்தின்ர 40ஆம் பிரிவில 5 வருசத் தடை இருக்கு. நானும் என்ர பாட்டில ஒண்டும் செய்யேல்லை, தெரிஞ்ச அகதிக் கேஸ் லோயரிட்டக் கூட்டிக்கொண்டு போனன். அவ ஒரே வசனத்தில முடிச்சிட்டா: அவையள் கண்டுபிடிச்சுக் கேக்க முதல் நாங்களாச் சொல்லுவம். முகாம் அட்டை எப்பிடியும் அவையின்ர கையுக்குப் போகப்போற சாமான், அதில அஞ்சு பேர் இருக்கு, மறைக்கிற யோசினையே முட்டாள்தனம்.

சத்தியக் கடதாசி முடிச்சு, மூத்தவவுக்குப் புதுப் போமுகளும் 150 டொலரும் கட்டி அனுப்ப 2021 ஆவணியாப் போச்சு. ஏன் நாலு மாசம் எடுத்தது எண்டால், ஒரு கேள்வி. அக்காவின்ர போமில, முந்தின திருமணம் எண்ட பெட்டி.

அக்காவின்ர முதல் மனுசன் மன்னார் பேசாலை ஆள். 2006இல ஒரு நாள் காலமை வெளிக்கிட்டுப் போனவர், திரும்பி வரேல்லை. ஆர் கொண்டு போனது, எங்க கொண்டு போனது ஒண்டும் தெரியாது. அந்த ஆனியில பேசாலைத் தேவாலயத்தில தஞ்சமிருந்த சனத்தின்ர மேல நடந்த தாக்குதலுக்குப் பிறகு மன்னார்க் கரையில இருந்து எவ்வளவு சனம் படகேறினது எண்டு அந்தக் காலத்து ஆக்களுக்குத் தெரியும், அக்காவும் அஞ்சு வயசுப் பிள்ளையோட தனுஷ்கோடிப் பக்கம் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவ. அங்கயிருந்து வேற முகாம். அண்ணையை அங்க கண்டது, 2011இல ரெண்டு பேரும் சேந்து வாழத் தொடங்கினது. சுவாமியிட்ட, அதாவது பாதிரியாரிட்டப் போய்க் கேட்டிருக்கினம், தேவாலயத்தில கலியாணம் கட்டி வைக்கச் சொல்லி. முதல் மனுசன் செத்ததுக்கு ஒரு பேப்பர் வேணும் எண்டிருக்கிறார். எங்க போறது பேப்பருக்கு? முகாம் சனத்துக்கு முன்னால தாலி கட்டிப்போட்டு வாழ்ந்திச்சினம். பதிவும் இல்லை, சேர்ட்டிபிக்கற்றும் இல்லை.

அண்ணை எல்லாப் போமிலயும் திருமணமானவர் எண்டு போட்டிருக்கிறார். இது ரெண்டாவது ஓட்டை. கலியாணச் சேர்ட்டிபிக்கற் எங்க எண்டு கேட்டால் இல்லை, முதல் கலியாணம் முடிஞ்சதெண்டதுக்கும் பேப்பர் இல்லை. லோயர் சொன்ன வழி நல்ல வழி: திருமணம் எண்டதை விடு, காமன் லோ பாட்னர் எண்டு திருத்து. ஒரு வருசத்துக்குக் கூட சேந்து குடும்பமா வாழ்ந்தால் கனடாச் சட்டத்தில அது காணும், இவை ஏழு வருசம் ஒரே முகாமில ஒரே அட்டையில வாழ்ந்தவை, பிள்ளையளின்ர பிறப்புச் சான்றிதழில ரெண்டு பேரின்ர பேரும் இருக்கு. தாலி கட்டின மனுசியை காமன் லோ எண்டு எழுதிறதோ எண்டு அண்ணை மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. விளங்குது. ஆனால் போமில பெட்டி கொஞ்சம்தானே, அதுக்குள்ள அடங்காததை ஒரு வெள்ளைப் பேப்பரில எழுதிச் சேக்கிறதுதான் வழி, அடங்கிற மாதிரி வாழ்க்கையை வெட்டப்போனால் இப்பிடித்தான் மாட்டுப்படும்.

அக்காவின்ர பிரச்சினை வேற. முதல் உறவு எந்தத் திகதியில முடிஞ்சது எண்டு அந்தப் பெட்டி கேக்குது. வாட்ஸ்அப்பில நான் கேட்டன், அவ பேசாமல் இருந்தா, பிறகு "தம்பி, நான் எந்தத் திகதியைச் சொல்ல" எண்டா. அவர் செத்தவர் எண்டு நான் எழுதினால் பிறகு ஆர் அவரைத் தேடுறது எண்டா. வேற ஒருத்தரோட வாழ்ந்து ரெண்டு பிள்ளையும் பெத்த பொம்பிளை இப்பிடிச் சொல்லுறா எண்டு சில பேருக்கு விளங்காது. எனக்கு விளங்கினது.

இலங்கையில 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தில காணாமல் போன ஆக்களுக்கு மரணப் பதிவு எடுக்கலாம், கன குடும்பங்கள் அதை எடுக்கவே மாட்டம் எண்டு நிண்டது இதாலதான். 2016இல அந்தச் சட்டத்தைத் திருத்தி, செத்ததெண்டு சொல்லாமல் ஆள் காணாமல் போயிருக்கிறார் எண்டு மட்டும் சொல்லுற ஒரு சான்றிதழும் கொண்டு வந்தவை. நான் இதைக் கேள்விப்பட்டது மட்டும்தான், கையால தொட்டதில்லை. அக்காவின்ர மாமி, அதாவது காணாமல் போனவற்ற தாய், எழுபதைத் தாண்டின மனுசி, பேசாலையில தனிய இருக்கிறா. மருமகள் வேற ஆளோட வாழுறா எண்டு ஒரு காலத்தில கதைபேச்சில்லாமல் இருந்தவ. மூத்தவதான் போன் எடுத்துக் கேட்டது, அப்பம்மா எனக்காக ஒருக்காப் போவீங்களோ எண்டு. மரணப் பதிவு எண்டால் செத்தாலும் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டவ, மற்றதுக்கு ஓம் எண்டா. கிராம சேவகரிட்ட, பிரதேச செயலகத்துக்கு, கொழும்புக்கு எண்டு அலைஞ்சவ, இடையில 2022இல பெற்றோல் இல்லை பஸ் இல்லை எண்ட காலம் வேற. கடைசியில அந்தப் பேப்பர் வந்துது. போமில நாங்கள் போட்ட திகதி அவரைக் கடைசியாக் கண்ட நாள், பக்கத்தில விளக்கக் கடிதத்தைப் பாக்கவும் எண்டு ஒரு வரி.

இனி என்ர பிழை. மூத்தவவின்ர பிறப்புச் சான்றிதழ் மன்னாரில எடுத்தது, அதில தேப்பன் பேர் முதல் மனுசன்ர. முகாமில பள்ளிக்கூடம் சேக்கேக்க அண்ணையைத் தேப்பனாப் போட்டிருக்கினம், பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில, டிசி எண்டு சொல்லுறது, இனிசியல் அண்ணையின்ர. நான் அவசரத்தில ஒரு போமில பிறப்புச் சான்றிதழில இருந்த பேரையும் குடும்ப விபரப் போமில டிசியில இருந்த பேரையும் குடும்பப் பெயராப் போட்டு அனுப்பிப்போட்டன், ஒரே ஆள் ரெண்டு பேரில. எங்கட ஆக்களுக்கு ஊரில குடும்பப் பெயரே இல்லை, தேப்பன்ர பேரைத்தான் அந்தப் பெட்டிக்குள்ள போடுறது, ரெண்டு தேப்பன் இருக்கிற பிள்ளைக்கு எதைப் போடுறது எண்டு நான் ஒரு நிமிசம் நிண்டு யோசிச்சிருக்கோணும். பிறப்புச் சான்றிதழ்ப் பேரை எல்லாத்திலயும் போட்டு, மற்றதை வேற பேர் எண்ட பெட்டியில போட்டிருக்கோணும்.

2022 தையில கடிதம் வந்துது. ஒபிசருக்குச் சந்தேகம், இந்தப் பிள்ளையை ஏன் முதல் சொல்லேல்லை, உறவுக்கு ஆதாரம் என்ன, பேர் ஏன் ரெண்டு விதம், 40ஆம் பிரிவும் கடைசியில எழுதியிருக்கு, 30 நாளுக்குள்ள பதில் வேணும். இப்பிடிக் கடிதம் வந்தால் கைகால் நடுங்கிற சனம் இருக்கு, ஆனால் இது மறுப்பு இல்லை, மறுக்க முதல் உங்கட பக்கத்தைச் சொல்லுங்கோ எண்டு தாற சந்தர்ப்பம். லோயர் பதில் எழுதினா. அதோட போனது: 2007ஆம் ஆண்டு முகாம் பதிவு, பள்ளிக்கூடப் பேப்பர்கள், மூத்தவவின்ர கொலிஜ் பீசுக்கு அண்ணை மாசாமாசம் காசு அனுப்பின ரசீதுகள், முகாம் பக்கத்துச் சுவாமியின்ர கடிதம், தான் கலியாணம் கட்டி வைக்க மறுத்ததை அவரே எழுதியிருந்தார். என்னைக் கேட்டால் அந்தக் கடிதம்தான் முழுக் கதையையும் நிமித்தினது, ஏனெண்டால் கதையில இருந்த ஓட்டைக்கு வெளி ஆள் ஒருத்தரே காரணம் சொல்லுறார்.

டிஎன்ஏயும் செய்தது, தாய்க்கும் மூத்தவவுக்கும். பேப்பரால தீராத இடத்தில கடைசி வழியாத்தான் அதைக் கேக்கிறவை, கனடாவின்ர தரச் சபை அங்கீகரிச்ச லாப்பில செய்யோணும், 99.8 வீதம் காட்டோணும், செலவு எங்கட. சாம்பிள் எடுக்கிறதை நாங்களா எடுத்து அனுப்ப ஏலாது. அண்ணைக்கும் மூத்தவவுக்கும் டிஎன்ஏ தேவையே இல்லை எண்டு நான் சொல்ல, அவர் தன்ர கையை நீட்டிக்கொண்டு என்னெண்டாலும் எடுக்கட்டும் எண்டு நிண்டார்.

பதிலை ஏற்றுக்கொண்டு 2022 கார்த்திகையில அண்ணைக்கு பிஆர் வந்துது. மூண்டு பிள்ளையின்ர பேரும் பைலில. முதல் போமில பேர் இருந்து அப்ப சேந்து வர ஏலாத ஆக்களுக்கு, பிஆர் கிடைச்ச நாளில இருந்து ஒரு வருசத்துக்குள்ள வெளியில இருந்து விண்ணப்பிக்கிற வழியும் இருக்கு. ஆனால் அதுக்கும் பேர் பைலில இருக்கோணும்.

அடுத்த தலையிடி வயசு. மூத்தவ 2001 பங்குனியில பிறந்தவ, 2023 பங்குனியில 22. தங்கியிருக்கிற பிள்ளை எண்டால் 22க்குக் குறைய இருக்கோணும். சொந்தக்காரர் எல்லாரும் அவ்வளவுதான், பெட்டை வரமாட்டுது எண்டிட்டினம். அது பிழை. கனடாவில அகதிக் கோரிக்கை வைச்சு வெண்ட ஆளின்ர பிள்ளையின்ர வயசு, தேப்பன் கோரிக்கை வைச்ச நாளில நிண்டிடும். பிஆர் போட்ட நாள் இல்லை, விசா வாற நாளும் இல்லை. 2018 ஐப்பசியில மூத்தவவுக்கு 17. விதி 25.1. ஐஞ்சு டொலர் கட்டி ஒபிசர்மார் எழுதிற குறிப்புகளை, ஜிசிஎம்எஸ் நோட்ஸ் எண்டு சொல்லுறது, கேட்டு எடுத்துப் பாத்தம். அதில வயசைச் சரிபாக்கவும் எண்டு ஒரு வரி கிடந்துது, உடன விதி இலக்கத்தையும் கோரிக்கை வைச்ச திகதியையும் போட்டு ஒரு கடிதம் அனுப்பினம். அதே குறிப்பிலதான் மெடிக்கல் காலாவதியானதும் தெரிஞ்சது, 12 மாசம்தானே அது செல்லும், எல்லாருக்கும் திரும்பச் செய்தது. எங்கட தொகுதி எம்பி ஒபிஸிலயும் சொல்லி வைச்சம், அவை பைலைத் தள்ள ஏலாது, எங்க நிக்குது எண்டு கேட்டுச் சொல்லுவினம், இலவசம்.

வயசு நிண்டாலும் கலியாணம் நிக்காது. கலியாணம் கட்டினால் பிள்ளை தங்கியிருக்கிற பிள்ளை இல்லை, முடிஞ்சுது. முகாமில நல்ல பொடியன் ஒண்டு பேசி வந்திட்டுது, பெட்டைக்கும் விருப்பம், கலியாண எழுத்தாவது, பதிவுதான், எழுதி வைப்பம் எண்டு பொடியன் வீட்டில ஒரே கரைச்சல். நான் அக்காவுக்குச் சொன்னது, கனடாவில கால் வைச்சாப் பிறகு எழுதட்டும், பிறகு அவவே அவரை ஸ்பொன்சர் பண்ணலாம், ஆனால் இந்த உறவை எங்கயும் மறைக்க வேண்டாம் எண்டு. ஒரு பைலுக்கு ஒரு மறைப்புக் காணும்.

சின்னவனுக்கு வலிப்பு வருத்தம், அதாலை மெடிக்கலில வெட்டுவினம் எண்டு அக்கா நித்திரை இல்லாமல் இருந்தவ. வைத்தியச் செலவு கூடும் எண்டு மறுக்கிற விதி அகதிகளுக்கும் அவையின்ர குடும்பத்துக்கும் இல்லை. மருந்து விபரத்தை ஒளிக்காமல் டொக்டரிட்டக் குடுக்கச் சொன்னன், ஒரு கேள்வியும் வரேல்லை.

2023இல அக்காவுக்கு ஒப்பரேசன், அண்ணை போகப்போறன் எண்டு நிண்டார். ஒரு சொந்தக்காரன் இலங்கைப் பாஸ்போட்டை புதுப்பிச்சுக்கொண்டு போ எண்டு யோசினை சொல்லியிருக்கிறான். நல்லகாலம் போக முதல் என்னட்டக் கேட்டார். தப்பி வந்த நாட்டின்ர பாஸ்போட்டை எடுத்தால் அந்த நாட்டின்ர பாதுகாப்பைத் திரும்ப ஏற்றுக்கொண்டாய் எண்டு அகதி நிலையை நிப்பாட்டக் கேக்கலாம், 2012 கடைசியில இருந்து அதோட பிஆரும் போகும். சிற்றிசன் எடுக்கும் மட்டும் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கக்கூடாது. அண்ணை போகேல்லை, வீடியோவில அழுதுகொண்டிருந்தார்.

சென்னைப் பக்க வேலை தனிக்கதை. முகாமில பிறந்த சின்னாக்கள் ரெண்டு பேரின்ர பிறப்பையும் இலங்கைத் துணைத் தூதரகத்தில பதிஞ்சுதான் பாஸ்போட் எடுக்கோணும், 14 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆக்களுக்கு கைரேகை, பிறகு இந்தியாவை விட்டு வெளிக்கிட எக்சிட் பெர்மிட், அதுக்கு கலெக்டர் ஒபிஸ், தமிழ்நாட்டுப் பொலிசின்ர உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் விசாரணை. இதை விசா வந்தாப் பிறகு தொடங்குவம் எண்டு இருந்தால் விசாத் திகதி முடிஞ்சிடும். நாங்கள் முதலே தொடங்கினம், அப்பிடியிருந்தும் கடைசிக் கிழமைதான் கையெழுத்து விழுந்துது.

2024 வைகாசியில நாலு பேரும் பியர்சனில இறங்கினவை. மூத்தவ அப்ப 23.

இப்ப அவ ஒரு கிடங்கில வேலை, பின்னேரத்தில படிப்பு. போன மாசம் என்னட்ட வந்து கேட்டா, அப்பம்மாவைக் கூப்பிட ஏலாதோ எண்டு. குடும்ப அங்கத்தவர் கணக்கில அப்பம்மா இல்லை. பேரப்பிள்ளை பிஆர் எண்டால் சூப்பர் விசாவுக்குக் கூப்பிடலாம், ஒருதரம் வந்து 5 வருசம் வரை நிக்கலாம், ஆனால் வருமானம் காட்டோணும், மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கோணும், அவவின்ர சம்பளம் இன்னும் காணாது. அடுத்த வருசம் வரிப் பேப்பரோட வா எண்டிருக்கிறன். பேசாலையில அந்த மனுசி அதுக்குள்ள பாஸ்போட் எடுத்திட்டாவாம்.